பார்க்காமல் போட்ட கையெழுத்து

என் அக்காவின் கணவரை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். வேலை செய்கிற இடத்தில் அவருக்குப் பெயர் தண்ணி சார். புதிதாக வருகிறவர்கள் அதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டு வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். மனிதர் வாழ்நாளில் அந்தத் தண்ணியில் ஒரு சொட்டு தொட்டதில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் குழாய்த் தண்ணீர்தான்.

சிறுநீரகம் கைவிட்டவர்களுக்கு ரத்தம் சுத்தம் செய்கிற நிலையம் அது. எட்டு இயந்திரங்கள், எட்டு சாய்வு நாற்காலிகள். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம், ஒவ்வொருவரும் அங்கே வந்து கையை நீட்டிப் படுக்க வேண்டும். அந்த நான்கு மணி நேரமும் அவர்கள் ரத்தத்தை ஒட்டிக்கொண்டு குடம் குடமாகத் தண்ணீர் ஓடும். நடுவில் மெல்லிய சவ்வு ஒன்றுதான் இருக்கும். அந்தத் தண்ணீருக்குத்தான் அத்தான் பொறுப்பு, இருபத்திரண்டு வருஷமாக.

ஊருக்கு வருகிற குழாய்த் தண்ணீரில் குளோரின் கலந்திருக்கும். குடித்தால் ஒன்றும் செய்யாது. ஆனால் இயந்திரம் வழியாக ரத்தத்துக்குள் போனால் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அதைப் பிடித்து நிறுத்த ஒரு பெரிய கரித்தொட்டி இருக்கிறது. கரி ஓய்ந்துபோனால் தொட்டி சத்தம் போடாது, விளக்கு எரியாது. கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் பிடித்து, பொடியைப் போட்டு, வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் தெளிந்திருந்தால் நல்லது. மெல்லிசாக ரோஸ் நிறம் வந்தால் எல்லா இயந்திரத்தையும் நிறுத்த வேண்டும். வெளியே ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம் என்றால், போகிற வழியிலேயே குளோரின் பறந்துவிடும். அங்கேயே, அந்த நிமிஷமே, ஒரு ஆள் கண்ணால் பார்த்தால்தான் உண்டு.

அந்தக் கண் அத்தானுடையது. காலையில் முதல் ஷிப்டுக்கு முன்னால் ஒரு தடவை, பன்னிரண்டு மணிக்கு இரண்டாவது ஷிப்டுக்கு முன்னால் ஒரு தடவை. பார்த்துவிட்டு வந்து, "தண்ணி சரியா இருக்கு" என்பார். அதற்குப் பிறகுதான் நர்ஸ்கள் ஊசியைக் கையில் எடுப்பார்கள். மனிதருக்குச் சொத்து என்று பார்த்தால் அந்த மூன்று வார்த்தைகள்தான். பதவி உயர்வு கேட்கத் தெரியாது, முதலாளிக்குக் குழையத் தெரியாது. "எங்க தண்ணி மேல யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது" என்று சாப்பாட்டின் நடுவில் சொல்லும்போது மட்டும் முகத்தில் ஒரு களை வரும். அக்கா, "ஆரம்பிச்சிட்டாரு" என்று குழம்பை நகர்த்தி வைப்பாள்.

இப்படிப்பட்டவர் வீட்டிலும் தண்ணீரையே கட்டிக்கொண்டு அழுதார் என்றால் யாரும் ஆச்சரியப்படமாட்டீர்கள். கூடத்தில், ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில், தையல் மெஷின் மேஜை அளவுக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே கடல் தண்ணீர், இரண்டு சின்ன மீன், நடுவில் ஒரு பவளம். பவளம் என்றதும் மோதிரத்தில் பதிக்கிற கல்லை நினைத்துக்கொள்ள வேண்டாம். அது உயிர். சுண்ணாம்பால் தனக்கு எலும்பு கட்டிக்கொண்டு, அதன் நுனியில் சதையாக உட்கார்ந்து, நீளநீளமான விரல்களைத் தண்ணீரில் அலையவிடும். ஏழு வருஷத்துக்கு முன் இரண்டு தலையோடு வாங்கி வந்தார். பதினான்கு தலையாகப் பெருகியது. விரல்கள் ஒட்டுமுடி மாதிரி ஆடுவதைப் பார்த்துவிட்டு அக்கா அதற்குச் சவுரி என்று பெயர் வைத்தாள்.

அந்தத் தொட்டிக்கும் அத்தான் ஒரு நோட்டு போட்டிருந்தார். நிலையத்தில் இருக்கிற அதே மாதிரி கட்டம்: தேதி, அளவு, பார்த்தவர் கையெழுத்து, இரண்டாவது ஆள் கையெழுத்து. அளவை ஒருவர் பார்த்தால் போதாது, இன்னொருவரும் தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நிலையத்தின் விதி. வீட்டில் இரண்டாவது ஆள் அக்கா. அடுப்பில் ஒரு கண்ணும் டிவியில் ஒரு கண்ணுமாக, நோட்டை நீட்டியதும் கிறுக்கிவிட்டுப் போவாள். அது எங்களுக்கெல்லாம் வேடிக்கையாக இருந்தது.

போன வருஷம் சவுரிக்கு நோவு வந்தது. முதலில் விரல்கள் பாதிதான் நீண்டன. பிறகு ஓரத்தில் சதை விலகி, உள்ளே வெள்ளை எலும்பு தெரிந்தது. ஒரு மாதத்தில் ஒரு தலை செத்தது. அடுத்த மாதம் இரண்டு.

அத்தான் ஒவ்வொரு காரணமாகச் சந்தேகப்பட்டார். மீன் கடிக்கிறதோ என்று மீன்களை வாளியில் மாற்றி ஒரு வாரம் பார்த்தார். வெளிச்சம் அதிகமோ என்று விளக்கைத் தூக்கிக் கட்டினார். ஓட்டம் பலமாக அடிக்கிறதோ என்று மோட்டாரைத் திருப்பி வைத்தார். புழு ஏதாவது அரிக்கிறதோ என்று பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பூஜை செய்கிற மாதிரி தொட்டிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். கடைசியில் தண்ணீரின் காரத்தன்மைக்கு வந்து சேர்ந்தார். பவளம் எலும்பு கட்ட அது வேண்டும். குறைந்தாலும் ஆகாது, கூடினாலும் ஆகாது.

அந்தச் சோதனை கொஞ்சம் அழகானது. குழாயில் தண்ணீர் எடுத்து ஒரு மருந்து விட்டால் நீலமாகும். பிறகு இன்னொரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நீலம் மெல்லப் பச்சையாகி, பச்சை மெல்ல மஞ்சளாகும். மஞ்சளான சொட்டு எத்தனையாவதோ அதுதான் அளவு. எட்டு ஒன்பது இருக்க வேண்டும். அத்தானுக்கு ஆறு வந்தது. குறைகிறதே என்று கார மருந்தைக் கூட்டி ஊற்றினார். மறு வாரம் ஏழு. இன்னும் கூட்டினார். சவுரி இன்னும் சுருங்கியது. சோதனைப் பெட்டி கெட்டுப்போயிருக்குமோ என்று புதிதாக வாங்கினார். அதிலும் ஏழு. வேறு கம்பெனியில் வாங்கினார், அதிலும் அதே ஏழு. தொட்டியின் ஹீட்டர் மேல் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. காரம் கூடிப்போன தொட்டியில்தான் அப்படிப் படியும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அத்தானுக்கு அது அப்போதே தெரியும். கையில் எண் ஏழு என்று இருந்ததால் ஹீட்டரைச் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டு மருந்தைக் கூட்டினார்.

மீன் விற்கிற கடைக்காரர் நல்ல மனுஷர். "ஒரு பாட்டில் தண்ணி கொண்டு வாங்க சார், என்கிட்ட மெஷின் இருக்கு, நான் பாத்துச் சொல்றேன்" என்றார். அத்தானுக்கு அது மூக்கறுபட்ட மாதிரி ஆகிவிட்டது.

"இருபத்திரண்டு வருஷமா தண்ணி பாக்குறேன். என் தண்ணிய அவன் பாத்துச் சொல்லணுமா?" என்று வீட்டுக்கு வந்து குதித்தார்.

அந்த நாட்களில் அவருக்கு இன்னொரு கவலையும் இருந்தது. நிலையத்தில் மூன்று பேருக்கு ரத்த அளவு இறங்கிக்கொண்டே போனது. ஊசி போட்டும் ஏறவில்லை. அதில் ஒருவர் டிக்கெட்டம்மா. சினிமா தியேட்டரில் முப்பது வருஷம் டிக்கெட் கிழித்தவர், யாரைப் பார்த்தாலும் ஒரு நக்கல் அடிக்காமல் விடமாட்டார். இப்போது வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு படுத்துவிடுகிறார் என்று அத்தான் சொன்னார். டாக்டரம்மா எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, "தண்ணி?" என்று கேட்டிருக்கிறார். "தண்ணி சரியா இருக்கு" என்றிருக்கிறார் அத்தான். அதற்குப் பிறகு டாக்டரம்மா அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

மகளின் பிரசவத்துக்கு உதவியாக அக்கா அவள் வீட்டுக்குப் போயிருந்த வாரம் அது. சனிக்கிழமை. தைத்து முடித்த திரைச்சீலைகளைக் கொடுத்துவிட்டு, மனிதர் சாப்பிட்டாரா என்று பார்த்துவரலாம் என்று போனேன். இரண்டரை மணி இருக்கும். வேலை முடிந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் தொட்டிக்கு முன்னால் குழாயும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். சவுரியில் ஒன்பது தலைதான் மிச்சம்.

"வாம்மா டெய்லரம்மா. இங்க ஒரு கையெழுத்துப் போடு."

"எதுக்கு?"

"ரெண்டாவது ஆள் கையெழுத்து. உங்கக்கா இல்லையே."

"நான் ஒண்ணுமே பாக்கலையே அத்தான்."

"உங்கக்கா பாத்துட்டா போடுறா?"

"அக்கா போட்டோவ மட்டும் பாத்துட்டு உங்களுக்குக் கழுத்த நீட்டினவ. நான் அளவெடுக்காம கத்தரி வைக்க மாட்டேன். கொடுங்க அந்தக் குழாய."

எனக்கு அப்போது அந்தத் தொட்டி மேலும் கரிசனம் கிடையாது, விதி மேலும் கிடையாது. அக்காவை ஒரு ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி பேசியதில் எனக்குக் கோபம், அவ்வளவுதான். வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தேன்.

"மஞ்சள் ஆகணும்னுதானே சொல்வீங்க?"

"ஆயிடுச்சே. ஏழாவது சொட்டுல ஆயிடுச்சு."

"இது மஞ்சளா? இது பச்சை அத்தான்."

"சாயம் உன் வேலை, தண்ணி என் வேலை. சும்மா வம்பு பண்ணாம போடு."

என் வாயை அப்படி அடைத்தால் எனக்குப் பிடிக்காது. கைப்பையில் எப்போதும் பத்து நூல்கண்டாவது கிடக்கும். கொட்டினேன். கிளிப்பச்சையில் வெளிறின கண்டு ஒன்று, எலுமிச்சை மஞ்சள் கண்டு ஒன்று, இரண்டையும் அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"எது மஞ்சள்?"

அத்தான் பார்த்தார். சிரித்துக்கொண்டே, "ரெண்டும்தான்" என்றார்.

கறுப்பையும் கருநீலத்தையும் எடுத்துக் கொடுத்தேன். "ரெண்டும் கறுப்பு. என்ன விளையாட்டு இது?" என்றார். நான் சிரிக்கவில்லை என்பதை அவர் கவனிக்கச் சிறிது நேரம் பிடித்தது.

மிச்சச் சொட்டுகளை நானே விட்டேன். எட்டு, ஒன்பது, பத்து. பன்னிரண்டாவது சொட்டில்தான் என் கண்ணுக்கு மஞ்சளானது. அத்தான் புதிதாகத் தண்ணீர் எடுத்து முதலிலிருந்து செய்யச் சொன்னார். மறுபடியும் பன்னிரண்டு. மூன்றாவது தடவையும் பன்னிரண்டு. காரம் குறைகிறது குறைகிறது என்று மாதக்கணக்கில் ஊற்றி, கூடிப்போன காரத்தால் பவளத்தை அவரே கொன்றுகொண்டிருந்தார்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பவளத்துக்காக வருத்தப்படுகிறார் என்று நினைத்து நான் சமாதானம் சொன்னேன். "விடுங்க அத்தான். மருந்த நிறுத்தினா தேறிடும். ஒன்பது தலை இருக்குல்ல. கண் டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிடலாம்."

அவர் காதில் எதுவும் ஏறவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ரெண்டாவது ஷிப்ட் ஓடிட்டு இருக்கும்மா," என்றார். "எட்டு பேரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கேயும் நிறம் பார்ப்பது இதே கண்தான்.

போனை எடுத்து நிலையத்தின் பெரிய சிஸ்டரைக் கூப்பிட்டார். போனை மேஜை மேல் வைத்து ஒலிபெருக்கியில் போட்டார்.

"சிஸ்டர், கரித்தொட்டித் தண்ணி ஒரு சாம்பிள் எடுங்க. பொடி போட்டு நீங்களே பாருங்க."

"பன்னெண்டு மணிக்கு நீங்க பாத்தாச்சே சார். நானும் கையெழுத்துப் போட்டுட்டேனே."

"குழாயப் பாத்தீங்களா சிஸ்டர்?"

அந்தப் பக்கம் நோட்டுப் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "நீங்க பாத்தா சரியா இருக்கும்னுதானே சார்..." என்றார்.

"இப்பப் பாருங்கம்மா. நான் என்ன எழுதியிருக்கேன்னு பாக்காதீங்க. வெள்ளைத் தாள் பின்னால வச்சுப் பாருங்க."

செருப்புச் சத்தம் தூரப் போனது. பின்னணியில் இயந்திரங்கள் ஒரே சீராக முனகிக்கொண்டிருந்தன. யாரோ ஒரு நோயாளி தண்ணீர் கேட்டார், யாரோ இருங்க என்றார்கள். அத்தான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் நூல்கண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் போட்டேன், வேறு என்ன செய்வது என்று தெரியாமல். செருப்புச் சத்தம் திரும்பி வந்தபோது ஓட்டமாக இருந்தது.

"சார், ரோஸ் இருக்கு சார்."

"லேசாவா?"

"லேசாத்தான். ஆனா இருக்கு சார்."

"எல்லா மெஷினையும் நிறுத்துங்க. மெஷின்ல இருக்கிற ரத்தத்த உடம்புக்குள்ள திருப்பாதீங்க, டாக்டரம்மா வந்து சொல்ற வரைக்கும் தொடாதீங்க. அவங்ககிட்ட நான் பேசுறேன்."

டாக்டரம்மாவிடம் அவர் சுற்றி வளைக்கவில்லை. "என் கண்ணு போயிடுச்சு மேடம். எத்தனை மாசமா தண்ணி தப்புன்னு எனக்குத் தெரியல" என்றார். அதைச் சொல்லி முடித்தபின் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதார். என் கல்யாணத்திலும் அப்பாவின் சாவிலும் கல் மாதிரி நின்ற மனிதர். நான் பக்கத்தில் போய் நின்றேன். தொட்டு ஆறுதல் சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை.

அன்றைக்கு அந்த எட்டுப் பேருக்கும் உடனடியாக ஆபத்து ஒன்றும் வரவில்லை. மறுநாளே கரியை மாற்றினார்கள். கண் டாக்டர் இரண்டு கண்ணிலும் புரை என்றார். வெள்ளையாகத் திரையிடுகிற புரை இல்லை, உள்ளுக்குள்ளே பழுப்பேறுகிற வகை. நாலைந்து வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வந்ததால் நிறம் மாறியதே தெரிந்திருக்காது என்றார். எழுத்தெல்லாம் நன்றாகத் தெரிந்ததால் கண்ணைச் சந்தேகப்பட அவருக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

பத்து நாளில் முதல் கண்ணுக்கு அறுவை சிகிச்சை ஆனது. கட்டுப் பிரித்ததும் அவர் போக விரும்பிய இடம் நிலையம். மேனேஜர் முன்னாலேயே போன் செய்து சொல்லியிருந்தார்: "கரி மாத்தியாச்சு, எல்லாருக்கும் ரத்தம் ஏற ஆரம்பிச்சாச்சு. பேஷண்ட்ஸ்கிட்ட ஃபில்டர் சர்வீஸ்னு சொல்லியிருக்கோம். எதுக்கு சார் ஊதிப் பெருசாக்குறீங்க? பேசாம ரெஸ்ட் எடுங்க." அக்காவும் மகள் வீட்டிலிருந்து திரும்பியிருந்தாள். வேலை போய்விடும், போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று அழுது அடம்பிடித்தாள். எனக்கும் பயம்தான். மேனேஜர் சொல்வது நியாயம் என்றுகூட ஒரு மனசு சொன்னது. அதைச் சொன்னால் அத்தான் முகத்தில் எப்படி முழிப்பது என்று வாயை மூடிக்கொண்டு, அவர் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினேன்.

ரத்தம் இறங்கிய மூன்று பேரில் இரண்டு பேர் வேறு ஷிப்ட். டிக்கெட்டம்மா மட்டும் ஜன்னலோர நாற்காலியில் படுத்திருந்தார். ரத்தம் குழாயில் ஓடிக்கொண்டிருந்தது. அத்தான் அவர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னார். கரி ஓய்ந்தது, ரோஸ் நிறம், தன் கண், தான் போட்ட கையெழுத்து. யாரையும் துணைக்கு இழுக்கவில்லை. பெரிய சிஸ்டர் கொஞ்ச தூரத்தில் பஞ்சு டப்பாவைப் பிடித்தபடி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தானாகவே வந்து, "பக்கத்துல இருக்கிற கையெழுத்து என்னோடதும்மா, நானும் பாக்கல" என்றார்.

டிக்கெட்டம்மா கண்ணைத் திறந்து அத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நல்லது என்றும் இருந்தது.

"மாடி ஏற முடியல, பாத்திரம் தூக்க முடியல," என்றார் மெதுவாக. "அது தண்ணியாலயா?"

"ஆமாம்மா."

"என் நேரம் வந்துடுச்சுன்னு நெனச்சேன் சார்."

அத்தான் தலை குனிந்தார்.

"பீரோவக் காலி பண்ணிட்டேன். புடவையெல்லாம் மருமகளுக்கு. கம்மல் பேத்திக்கு. தங்கச்சியோட பன்னெண்டு வருஷமாப் பேச்சில்ல, அவள வரச்சொல்லி, போறதுக்குள்ள ஒரு வார்த்தைன்னு கையப் பிடிச்சு அழுதேன். என் பையன் தெனமும் வேலைக்குப் போறப்போ என் மூஞ்சிய ஒரு மாதிரி பாத்துட்டுப் போறான், சாயங்காலம் இருப்பேனோ மாட்டேனோன்னு." மூச்சு வாங்கியது. கொஞ்சம் நிறுத்தினார். "அப்ப நான் இப்பப் போகப் போறது இல்லையா சார்?"

இருபத்திரண்டு வருஷமாக அந்த அறையில் எல்லோரும் அத்தானிடம் தினமும் கேட்டு வாங்கிக்கொண்ட பதில் ஒன்றுதான். அதை நம்பித்தான் கையை நீட்டினார்கள். புதிதாக ஒளி வந்த அந்த ஒற்றைக் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் துடைக்காமல் இருந்தார்.

"எனக்குத் தெரியாதும்மா," என்றார்.

டிக்கெட்டம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, ஊசி குத்தாத கையால் பையைக் காட்டி, அதில் இருக்கிற போனை எடுத்துத் தரச் சொன்னார். என்னிடம் ஒரு நம்பரைப் போடச் சொன்னார். மணி அடித்துக்கொண்டிருந்தபோது, "என் பையன். அவன்கிட்ட நீங்களே சொல்லுங்க" என்று போனை அத்தானின் கையில் வைத்தார்.